காற்றுக்கு ஒரு சிட்டிகை

குனிந்து, திடலோரத்தில் ஒரு சிட்டிகை தூசி எடுக்கிறாள். கூடைப்பந்து வளையத்தைப் பார்த்து நின்று, முகத்துக்கு நேரே விரல்களைப் பிரிக்கிறாள். தூசி வலப்பக்கம் பறக்கிறது. “வந்துடுச்சி சனியன்!” என்கிறாள் இசைப்பிரியா. காலை மணி ஆறே முக்கால். ஆடிக் காற்று எழுந்துவிட்டது. இன்றைய பயிற்சி முடிந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் நின்றாலும் மாலையில் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்கும். இவளுக்கு மாலை வேண்டாம், விடியல்தான் வேண்டும். அதற்காகக் காடாம்புலியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள். பிளஸ் டூ. இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். விரல்கள் கம்பியைத் தட்டிக்கொண்டே வரும்.

“பாப்பா, டிரைவர் ரோட்டப் பாக்கறதா, உன் மோளத்தக் கேக்கறதா?” என்பார் கண்டக்டர்.

“நான் நிறுத்துனா பஸ்ஸு நின்னுடும்ணே.”

அவளைப் பற்றி எழுத வந்த என்னோடு பேசிய அரை மணி நேரத்தில் மூன்று முறை ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். இட்லியை நின்றபடியே விழுங்கினாள்.

மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நின்று எறிவதில் பள்ளியில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாவட்ட அணியில் மட்டும் எப்போதும் மாற்று ஆட்டக்காரி. அப்பா ராஜாங்கம் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. “அவுரு பதினெட்டு வருசமா கான்ட்ராக்ட். நானும் டீம்ல கான்ட்ராக்ட் தாங்க. எவளுக்காவது காலு சுளுக்குனாதான் நமக்கு ஷிஃப்ட்டு.”

போன வருடம் சென்னையில் மாநில அணித் தேர்வு. ஆளுக்குப் பத்து எறி. இவள் பழகிய திடல் திறந்தவெளி. மேற்குக் காற்று பந்தை வலப்பக்கம் தள்ளும். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்தே வளையத்தின் இடது விளிம்பைப் பார்த்து எறிவாள். இடது கால் பெருவிரலும் அங்கேயே பார்த்து நிற்கும். சென்னையில் தேர்வு நடந்தது கதவடைத்த உள்ளரங்கில். ஏழு பந்துகள் இடது விளிம்பில் பட்டுத் தெறித்தன. தேர்வாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஏன் தவறின என்பது, திரும்பும் வழியில் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

“காத்தில்லாத எடத்துல காத்துக்கு எறிஞ்சிட்டு வந்த மகராசி! ஃபேனையாவது போடச் சொல்லியிருக்கலாம் இல்ல?” என்கிறாள் பந்து பொறுக்கிப் போடும் தோழி திலகவதி.

“நீ பேசாதடி. ஒன்ன ஒயரம் அளந்துட்டு, பந்தையே கண்ணுல காட்டாம அனுப்பிட்டாங்க.”

இருவரும் சிரிக்கிறார்கள். திலகவதிக்கு வயது வரம்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இசைப்பிரியாவுக்கு இதுதான் கடைசி. “இந்த வாட்டி செலக்ட் ஆனா, ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜி. இல்லாங்காட்டி எங்கம்மாகூட முந்திரிக் கம்பெனியில கொட்ட ஒடைக்கப் போவணும்.” சொல்லும்போதே கால் ஆடுகிறது.

எனவேதான் காற்று எழும் முன் தினமும் ஒன்றரை மணி நேரம், நேராக எறியப் பழகுகிறாள். “கை சொன்ன பேச்சு கேக்குதுங்க. இந்தக் கால் வெரலுதான் தானா அந்தப் பக்கம் திரும்பிகினு நிக்குது.”

அடுத்து வந்த ஞாயிறு தேர்வு, சென்னையில் அதே உள்ளரங்கு. அவள் பெயர் வந்தது. கோட்டருகே போனவள், காலுறைக்குள்ளிருந்து மடித்த பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சிட்டிகை நெய்வேலித் தூசி. முகத்துக்கு நேரே பிடித்து விரல்களைப் பிரித்தாள்.

“ஏம்மா, தரையில என்ன கொட்டுற?” தேர்வாளர் அதட்டினார்.

தூசி எந்தப் பக்கமும் போகாமல் செங்குத்தாக இறங்கியது. “சாரி சார்.” மண்டியிட்டு, பனியன் நுனியால் பளபளக்கும் மரத்தரையைத் துடைத்தாள். எழுந்தாள். பந்தை வாங்கவில்லை. முதலில் குனிந்து, ஷூவோடு சேர்த்து இடது காலைக் கையால் பிடித்து, வளையத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.