நிரந்தரமாக மூடப்பட்ட கடை

ஊரைவிட்டு வடக்கே, விமான் நகர் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி, தகரக் கூரையின் கீழ் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் நான் அப்போது ஏழாம் வகுப்பு. கடைக்குப் பெயர் கிடையாது. வருகிறவர்கள் அவரை 'பையா' என்பார்கள், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். அவரும் திருவண்ணாமலை வாடை வீசும் இந்தியில் பதில் சொல்லுவார். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நான் மட்டும் டை கட்டிக்கொண்டு, ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில், பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்வந்தேன்.

அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடிக்குக் கோயம்புத்தூர் அக்கா ஒருத்தி குடிவந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழ் பேசும் இஸ்திரிக்காரர் கிடைத்ததில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒருநாள் துணி வாங்க வந்தவள் சொன்னாள்:

"சுத்தி இத்தன புது டவர் வந்திருக்குதுங்கண்ணா. எல்லாரும் போன்ல தேடித்தான் ஆளக் கூப்புடறாங்க. நீங்க மேப்லயே இல்லீங்களே."

மேப்பில் இல்லாதது ஒரு குறை என்பது அப்பாவுக்கு அதுவரை தெரியாது. அக்கா அங்கேயே நின்று, அப்பாவின் போனிலேயே கடையைப் பதிவு செய்தாள். என்ன பெயர் என்று கேட்டபோது அப்பா கொஞ்சம் கூச்சப்பட்டு அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு போட்டோ. பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்த என்னையும் அப்பா பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். மடித்த சட்டைகளை நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வாரமே போன் அடிக்கத் தொடங்கியது. மூன்றாவது மாதத்தில் அப்பா இன்னொரு இஸ்திரிப் பெட்டி வாங்கினார். பாத்திர வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு அம்மாவும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் தேய்க்கும்போது அவர்களுக்குள் நடந்த பேச்சை, அதற்கு முன்பு வீட்டில் நான் கேட்டதில்லை. ஒருமுறை அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது, என் வகுப்புப் பெண் ஒருத்தியின் குடும்பம் எதிர் டவருக்கு வருகிற வரைக்கும். சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். முந்தின நாள் அவள் அம்மா இஸ்திரிக்கு ஆள் தேடினாளாம். ஒரு கடையின் படத்தில் நான் நிற்கிறேனாம். கூட இருந்த நான்கு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

துணி கொடுக்கப் போனபோது யாரோ எடுத்திருப்பார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் எங்க இஸ்திரிவாலா," என்றும் சொன்னேன். இந்தியில் அதைச் சொல்ல எனக்குத் திக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா கைகால் கழுவப் போயிருந்த நேரத்தில் அவர் போனை எடுத்தேன். போட்டோவை நீக்கத்தான் முதலில் பார்த்தேன், வழி தெரியவில்லை. தேடிக்கொண்டே போனதில், கடையை நிரந்தரமாக மூடிவிட்டதாக அறிவிக்கும் இடம் அகப்பட்டது. அழுத்தினேன். கடையின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அது வந்துவிட்டது. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

பழைய வாடிக்கைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். புதிய ஆட்கள் நின்றுபோனார்கள். அப்பா முதலில் மழையைக் காரணம் சொன்னார். பிறகு தன் வேலையைச் சந்தேகப்பட்டார். காலர் மடிப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். சரியாக இருந்ததையே மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். ஒருநாள் பக்கத்துக் காய்கறி வண்டிக்காரரிடம் போனைக் கடன் வாங்கித் தன் நம்பருக்குத் தானே அடித்துப் பார்த்தார். மேசைமேல் போன் அடித்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ரிங்கு வருது. இருந்தும் யாரும் கூப்புடல. உள்ள ஏதாச்சும் கோளாறான்னு பாரு பாப்பா."

வாங்கி, இரண்டு மூன்று தடவை திரையைத் தள்ளிப் பார்க்கிற மாதிரி பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். அப்பா நம்பினார். இங்கிலீஷ் படிக்கிற பெண் சொன்னால் சரிதான் என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

இரண்டாவது பெட்டி சும்மா கிடந்தது. அம்மா பழைய வீடுகளுக்குப் போய்க் கேட்டாள். இரண்டில் வேறு ஆள் வந்துவிட்டிருந்தாள். மூன்றாவது வீட்டில், முன்பு விட்டுப்போனதற்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன வார்த்தையிலிருந்தல்லவா ஆரம்பிக்க வேண்டும்?

ஊருக்குப் போயிருந்த கோயம்புத்தூர் அக்கா ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பினாள். யாருக்கோ சிபாரிசு செய்வதற்காகக் கடையைத் தேடியிருக்கிறாள். போனும் கையுமாகக் கீழே இறங்கி வந்து, அப்பாவின் போனையும் வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்கண்ணா, கடைய மூடிட்டதா போட்டிருக்குது? இந்த போன்ல இருந்துதான் யாரோ மாத்தியிருக்காங்க."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் துணி மூட்டையின் முடிச்சைப் பார்த்தேன். அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையை முழுதாக முடித்து, பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நான்தாம்மா எதயோ அழுத்திட்டேன் போலக்குது. கண்ணு சரியா தெரியல, பாரு."

அக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் பிழைப்பு போயிற்றே, தெரியாததில் கை வைக்கலாமா என்று கேட்டாள். தப்புதாம்மா, இனிமே தொடமாட்டேன் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, என் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர்கள் நிற்பதுபோல நின்றார். அக்கா உடனே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாள். போன் மறுபடி அடித்தது, ஆனால் பழையபடி இல்லை. எதிர் டவர்க்காரர்கள் அதற்குள் வண்டியில் வந்து துணி எடுத்துப்போகும் வேறு ஆளைப் பிடித்துவிட்டிருந்தார்கள்.

இப்போது எனக்கு இதுவேதான் வேலை. சின்னக் கடைக்காரர்களுக்கு இணையத்தில் இடம் பிடித்துக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு கடையை மூடியதாக அறிவிக்க வேண்டுமானால் எத்தனை திரைகளைத் தாண்டிப் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். நிச்சயமாகத்தானா என்று கடைசியில் ஒருமுறை கேட்கவும் கேட்கும், அதுவும் இங்கிலீஷில். கை தவறி யாரும் அங்கே போய்ச் சேரமுடியாது. அப்பாவுக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தவிர அந்தப் போனில் எதுவும் தெரியாது.

இதையெல்லாம் நான் அன்று யோசிக்கவில்லை. தப்பித்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். போகிறவர் வருகிறவர் பார்க்க, தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் அப்பா அப்படித் தலைகுனிந்து நின்றாரே, அதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நின்றால்தான் என்ன என்று அவர்மேல் எரிச்சல்பட்டேன்.