அந்த வருஷத்து மாதா பாட்டு

சித்தப்பாவின் ஜெபப் புத்தகம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். தியேட்டர் வாசலில் விற்கும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தை இரண்டாக மடித்து அதற்குள் செருகி வைத்திருப்பார். சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், எங்கள் பங்குச் சாமியார்.

ஐம்பதுகளின் கடைசியில் வந்த அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு பாட்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. டீக்கடை ரேடியோ, டவுன் பஸ் கண்டக்டரின் முணுமுணுப்பு, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், எங்கே போனாலும் அதே பாட்டு. ஒருவன் தன் காதலியை மாந்தோப்புக்கு வரச்சொல்லிக் கெஞ்சுகிறான், அவ்வளவுதான் விஷயம். ஆனால் மெட்டு இருக்கிறதே, அடேயப்பா! காதுக்குள் புகுந்துவிட்டால் சோறு தின்னும்போதும் விடாது, கணக்குப் பரீட்சையிலும் விடாது. இப்போது ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் என் பேரன் வாரத்துக்கு ஒரு பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறான், அடுத்த வாரம் கேட்டால் எந்தப் பாட்டு என்கிறான். நாங்கள் ஒரே பாட்டோடு ஒரு வருடம் முழுக்கக் குடித்தனம் நடத்தினோம்.

சித்தப்பா கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அங்கே அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு முதுகே நிமிரும். அதற்கும் ஒரு ஆபத்து இருந்தது. சினிமா மெட்டு கோயிலுக்குள் வந்தால், கொண்டுவந்தவர் அப்புறம் ஆர்மோனியத்தைத் தொடவே கூடாது என்று பழைய சாமியார் கட்டளை போட்டிருந்தார். அவர் மாற்றலாகிப் போன பிறகும் கட்டளை போகவில்லை. அவர் இடத்துக்கு அந்தச் சித்திரையில்தான் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்தார். கப்பல் ஏறுவதற்கு முன்பே பழைய புத்தகங்களை வைத்துத் தமிழ் படித்தவர், பேச்சில் இலக்கணம் பிசகாது. சினிமாக் கொட்டகை இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதவர், டீக்கடைப் பக்கம்கூடப் போகாதவர்.

மே மாதம் மாதா வணக்க மாதம். முதல் நாள் சாயங்காலத்துக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று சாமியார் அன்று மத்தியானம்தான் சொல்லி அனுப்பினார். சித்தப்பா ஆர்மோனியத்தைத் திறந்தால் விரல் அந்த ஒரு மெட்டைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்கிறது. "ஒரே ஒரு நாள்தானே கண்ணு, ஆரு கேக்கப் போறாங்க?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் அந்த மெட்டுக்கு மாதாவின் பேரில் வார்த்தை கட்டிவிட்டார். முதல் அடி எடுத்தது நான்தான். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா என்னை முறைத்தாள், ஆனால் அவள் கால் தாளம் போட்டது. சாமியாருக்கோ கண் கலங்கிவிட்டது.

"இத்தகைய இன்னிசையை யான் கேட்டதேயில்லை. தாங்களே இயற்றினீர்களா?" என்றார்.

பாராட்டு வாங்கிப் பழக்கமே இல்லாத மனிதர் சித்தப்பா. தலையை ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து தினமும் அதே பாட்டு, மே முடிந்த பிறகும் விடவில்லை.

ஆடி பிறந்தது. பக்கத்து மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். காலையிலிருந்து அந்த ரிக்கார்டுதான். அந்தக் கரகரப்பில் நமக்கே வார்த்தை பிடிபடாது, சாமியாருக்கு எங்கே பிடிபடும்? செருப்புக்கூடப் போடாமல் சாமியார் சித்தப்பாவின் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"கேளுங்கள்! ஊரே நம் அன்னையைப் பாடுகின்றது! உடனே சென்று நன்றி நவில வேண்டும். இயற்றியவரும் பாடியவளும் என்னுடன் வருக!"

சித்தப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வேறு வழியில்லாமல் போனோம். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா மஞ்சள் துண்டோடு எழுந்து வந்து, சாமியார் கைகூப்பி நன்றி சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"ஆமாங்க சாமி. உங்க ஆர்மோனிய மாஸ்டர் பாட்டுன்னா எங்களுக்கு உசுருங்க. கேக்காம போட்டுப்புட்டோம், கோவிச்சுக்காதீங்க" என்றார் தர்மகர்த்தா. அதோடு நிறுத்தினாரா, மகராசன்! "டேய், சாமி வந்திருக்காருல்ல, இன்னொருக்கா வெய்யுடா!" என்று ரிக்கார்டு போடுகிறவனுக்கு ஆணையிட்டார். சாமியார் கண்ணை மூடிக் கேட்டார். சித்தப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. "தப்பிச்சோம் சித்தப்பா" என்று அவர் காதில் கிசுகிசுத்தேன். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது. கேட் திறப்பதற்குள் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"சாமி, அது என் பாட்டு இல்லீங்க. மெட்டு சினிமாவுதுங்க. வார்த்தை மட்டுந்தான் நான் எழுதுனது. இனிமே நான் ஆர்மோனியத்தத் தொடமாட்டேனுங்க."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆர்மோனியம் இல்லாமல் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்? சாமியார் அவர் பக்கம் திரும்பினார்.

"அத்திரைப்பாடலின் பொருள் யாது?"

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே மாந்தோப்பு விவகாரத்தைச் சொன்னார். சாமியாரின் தாடி லேசாக ஆட ஆரம்பித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு! கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

"அந்த மங்கை தோப்பிற்கு வந்தாளா?"

"கடைசி வரைக்கும் வரலீங்க சாமி."

"நன்று. அவளுக்கு வேண்டாத இசையை நம் அன்னையே வைத்துக்கொள்ளட்டும். ஞாயிறன்று சுருதியைச் சற்று உயர்த்தி வாசியுங்கள்."

சித்தப்பா உயர்த்தினார். ஒரேயடியாக உயர்த்தினார். தொண்டை கிழிந்தது எனக்குத்தான்.