நீர்மூழ்கிக் கப்பலுக்கு நைனா வைத்த வாசல்

டீசலும் இரும்பும் பழைய பெயிண்டும் கலந்த வாடை, அதன்மேல் கடலின் உப்புக்காற்று. விசாகப்பட்டினக் கடற்கரை மணலில் ஏற்றிவைத்து, மக்கள் பார்ப்பதற்கென்று திறந்துவிட்டிருந்த அந்த நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது எனக்குப் பதினோரு வயது.

எங்கள் ஊர் திருப்பதிக்குத் தெற்கே, கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீடு. புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்து, ஊரில் பாதிப்பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பிய காலத்தில், என் அப்பா, எங்களுக்கு ‘நைனா’, வெல்டிங் கற்றுக்கொண்டு விசாகப்பட்டினம் போனார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, “கப்பலுக்கு வாசல் வச்சிக்கினு இருக்கோம்” என்றார். அதை நான் பள்ளியில் பெருமையாகச் சொல்ல, கூலிக்குப் போனவர் கதை விடுகிறார் என்று வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். கோடை விடுமுறையில் நைனா அம்மாவையும் என்னையும் திருப்பதியில் ரயிலேற்றி அழைத்துப்போனார்.

கப்பலைச் சுற்றிக்காட்டியவர் அதிலேயே பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாலுமி. சுவரைத் தட்டி, “இந்த இரும்பு எவ்வளவு தடிமன், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று தெலுங்கில் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்னால் நின்ற நைனா மெல்லிய குரலில் மில்லிமீட்டர் கணக்கில் சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பேசியதைக் கேட்டிருந்ததால் தமிழுக்கு மாறினார், எல்லையோரத் தடா ஊர்க்காரராம்.

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“சனங்க உள்ள வர்றதுக்கு இந்த வாசல வெட்டசொல்லோ, மொதல் வெட்டு நான்தான் சார் வச்சேன். கை வர்ல. சாக்பீஸ்ல கோடு போட்றதும் அழிக்கிறதுமாவே பொழுது போச்சு.”

மாலுமியின் முகம் இறுகியது. திட்டப்போகிறார் என்று பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“தண்ணிக்கடியில இருக்கசொல்லோ, இதுல ஒரு ஊசி ஓட்டை வந்துடக்கூடாதுன்னு வேண்டிக்கினுதான் தூங்குவோம். நீங்க வாசலே வச்சிட்டீங்க!” என்றவர், குரல் தழைந்து, “அந்த வாசல் வழியாத்தான் என் வீட்டுக்காரம்மா உள்ள வந்தா. நான் படுத்த எடத்தப் பாத்துட்டு, இந்தச் சந்துலயா இத்தினி வருசம் தூங்கினீங்கன்னு அழுதுட்டா” என்றார். தீப்பொறித் தழும்புகள் நிறைந்த நைனாவின் கையைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் தெலுங்கில் சொன்னார். யாரோ கைதட்ட, வரிசை முழுக்கத் தட்டியது. அம்மா நைனாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

பள்ளி திறந்ததும் மறுபடி சொன்னேன். சிலர் அப்போதும் சிரித்தார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

நைனாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, தொலைதூரம் போவதில்லை. சென்ற வருடம் என் மகளை அங்கே அழைத்துப்போனேன். தடாக்காரர் இல்லை. காதில் மாட்டும் கருவி ஒன்று, பதிந்துவைத்த குரலில் கப்பலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தது. வாசலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மகளின் காதிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, நானே சொல்லத் தொடங்கினேன்.