பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸாபித்

இதைக் கட்டிச் சொல்ல எனக்கு ஒரு தேவையும் இல்லை. காயல்பட்டினத்தில் என் கூட்டாளி தாஜ் முகம்மதுவைப் போய்க் கேளுங்கள். அவனே சொல்வான். கம்ப்யூட்டரில் பதிவான நேரங்களையும் எடுத்துக் காட்டுவான். பேய் என்றால் நடுச்சாமம், புளியமரம், நாய் ஊளை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில், வியாழக்கிழமை மத்தியானம், வயிறாரச் சாப்பிட்ட பிறகு.

தாஜுக்கு முப்பத்தைந்து வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறான். வீடு என்றால் மாமியார் வீடு. அந்த ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். மாடி அறை அவனுக்கு. கீழே மனைவி ஷம்ஸியாவும் மாமியார் ஜனாபாவும். ஷம்ஸியாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருடம் ஏங்கி, இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அந்த வீட்டில் பூனைகூடப் பைய நடக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் பாதி ஆண்கள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். தாஜின் வாப்பா மௌத்தானபோது, அபுதாபியில் இருந்த அவன் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, அடக்கம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சேதி போய்ச் சேர்ந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் தாஜ் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஊரில் ஒரு மௌத்து நடந்தால், அந்தத் தெருப் பள்ளிவாசலின் எழுத்தர் போனில் பெயர், தகப்பனார், தெரு, வயது, அடக்க நேரம் எல்லாவற்றையும் தட்டுவார். அது ஒரு செய்தியாக இன்டர்நெட் வழியே தாஜின் புரோகிராமுக்கு வரும். புரோகிராம் அதை நாலாயிரத்துச் சொச்சம் போன்களுக்கு அனுப்பும். இப்படிச் செய்தி அனுப்பவும் வாங்கவும் பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் ஆயத்தமாக எழுதி வைத்த ஒரு லைப்ரரியே இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் உறை மாதிரி ஒன்றைப் போட்டு, அடையாள எண், எங்கிருந்து, என்ன வகை, எத்தனை மணிக்கு என்று அதுவே எழுதிவிடும்.

எல்லாம் பதிவுத் தபால் மாதிரிதான். வாங்குகிறவன் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் சொன்னால்தான் அனுப்புகிறவன் விடுவான். இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி, மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பான். அந்த விதியை எழுதியவனும் தாஜ்தான். எந்த மௌத்துச் சேதியும் தவறிப் போகக்கூடாது என்று பெருமையோடு எழுதினான்.

செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தான். அங்கேதான் சனியன் பிடித்தது. பெயர் என்ற இடத்தில் ஏதாவது போட்டாக வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை மௌத்து அறிவிப்பில் எழுத யாருக்குக் கை வரும்? இறந்தவர் பெயரைப் போட்டால் அவர் வீட்டார் மனம் நோகும். ஊரில் யாருக்குமே இல்லாத பெயராக இருந்தால் வம்பில்லை என்று யோசித்தான். நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. தட்டிவிட்டான்.

ஸாபித்.

ஆண் பிள்ளை பிறந்தால் வைப்பதற்காக அவனும் ஷம்ஸியாவும் ரகசியமாகப் பேசி வைத்திருந்த பெயர் அது. மாமியாருக்குக்கூடத் தெரியாது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சோதனை முடிந்ததும் அழித்தும்விட்டான்.

வியாழக்கிழமை 2:17.

'டிங்' என்று லேப்டாப் சத்தமிட்டது. மௌத்துச் செய்தி. பெயர் ஸாபித். மற்ற இடமெல்லாம் காலி. பழைய சோதனை எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தான். ஆனால் அடையாள எண் புதியது. எங்கிருந்து என்ற இடத்தில் 'வீடு' என்று மட்டும் இருந்தது. அவன் பதிந்து வைத்திருந்தது ஏழு பள்ளிவாசல்களை மட்டும்தான். தெரியாத இடம் என்பதால் புரோகிராம் அதை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது.

2:27. 'டிங்.' அதே செய்தி. இப்போது தகப்பனார் பெயரும் இருந்தது. தாஜ் முகம்மது.

"எவம்லே விளையாடுதான்..." என்று வாய்விட்டே கேட்டான். கேட்டபிறகுதான் உறைத்தது. விளையாடுகிறவனுக்கு இந்தப் பெயர் எப்படித் தெரியும்?

2:37. தெரு என்ற இடமும் நிரம்பியிருந்தது. அவன் உட்கார்ந்திருந்த அதே தெரு.

2:47. வயது, பூஜ்யம்.

2:57. அடக்கம், இன்று இரவு இஷா தொழுகைக்குப் பின்.

தம்மாமில் இருக்கும் ரசீதைக் கூப்பிட்டான். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

"ரசீத், சர்வரை நிப்பாட்டுலே."

"ஏன்?"

"பெறகு சொல்லுதேன். நிப்பாட்டு."

"நிப்பாட்டியாச்சு. இனி ஒண்ணும் வராது."

3:07. 'டிங்.'

"வருதே, ரசீத்..."

"எப்படிலே வரும்? இங்கன எல்லாம் அணைஞ்சு கெடக்கு."

வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. போனிலும் நெட்டை நிறுத்தினான்.

3:17. 'டிங்.'

பெற்றுக்கொண்டேன் என்று பதில் கொடுத்தால் நின்றுவிடும். ஆனால் பெற்றுக்கொள்வது எதை? பிறக்காத பிள்ளையின் மௌத்தையா? மறுத்தாலோ திரும்ப வருகிறது. ஒன்றும் செய்ய முடியாமல் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். யா அல்லாஹ், என் கையாலேயே எழுதினேனே என்று முனகினான்.

3:27. 'டிங்.'

"மாப்புள, தேயிலை போடட்டா?" கீழிருந்து மாமியார்.

3:37. 'டிங்.'

அதோடு சேர்ந்து கீழே ஒரு அலறல்.

"மச்சான்... பிள்ளை அசையல மச்சான்!"

ஷம்ஸியாவைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்கும் டாக்டர் இருந்த பாளையங்கோட்டைக்குப் பறந்தான். மாமியார் பின்சீட்டில் ஓதிக்கொண்டே வந்தார். லேப்டாப் வீட்டில் கிடந்தது. ஆனால் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

3:57, குரும்பூர்.

4:07, ஆழ்வார்திருநகரி.

4:17, ஸ்ரீவைகுண்டம்.

ஆற்றில் வீசிவிடலாமா என்றுகூட நினைத்தான். வீசினாலும் வரும் என்று தெரிந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தார். 'கர்ர்ர்...' என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"துடிப்பு கிடைக்கலியே... ஸ்கேன் பாத்துருவோம். பதறாதிய."

4:57. போன் அதிர்ந்தது.

ஸ்கேன் அறை வாசலில், கூட்டம் நிறைந்த வராந்தாவில், தள்ளுகட்டிலில் அவள் கிடந்தாள். தாஜ் குனிந்தான். பைய பேசவேண்டும் என்ற நினைப்பே இல்லை.

"ஷம்ஸியா... ஸாபித் வேண்டாம். அந்தப் பேரு நமக்கு வேண்டாம்."

"ஏன் மச்சான்?"

"விட்டுருவோம். நீயும் சொல்லு."

அவள் அழுதாள். "விட்டாச்சு மச்சான். வேண்டாம்."

கட்டில் உள்ளே போனது. கதவு மூடியது.

5:07.

போன் அதிரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்... டப் டப் டப் டப்...

தாஜ் அந்த வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

இரவு வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். 5:07க்கும் செய்தி வந்திருந்தது. பெயர், ஸாபித். வயது, பூஜ்யம். அடக்கம், இஷாவுக்குப் பின். தகப்பனார் மட்டும் மாறியிருந்தது. ஹசன் அலி. ஊர், ஏரல். அதன் கீழே முதல் தடவையாக ஒரு பதில் பதிவாகியிருந்தது. 'பெற்றுக்கொள்ளப்பட்டது.' சர்வர் அணைந்து கிடக்க, பதில் சொன்னது யார்? ரசீதுக்கும் தெரியவில்லை. ஏரல் ஹசன் அலி யாரென்று தாஜுக்கும் தெரியவில்லை. தன் பிள்ளை பிழைத்ததே போதும் என்று மூடி வைத்துவிட்டான்.

அடுத்த மாதம் ஷம்ஸியாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் ஆமிர் என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிந்து ஊசி போட அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கவுன்டரில் ஒருத்தி தாளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஸாபித். தகப்பனார் ஹசன் அலி."

தாஜுக்குப் பக்கத்தில் இருந்த மெலிந்த மனிதர் எழுந்துபோய் அந்தத் தாளை வாங்கி வந்தார். இறப்புச் சான்றிதழுக்கான தாள்.

"உங்க... பிள்ளையா?"

"ஆமா தம்பி. மூணு நாளுதான் இருந்தான். நல்லாத்தான் பால் குடிச்சான். ஒரு நோவும் இல்ல. ஏழு நாள் பொறுத்துப் பேரு வச்சிருக்கணும். எனக்குத்தான் ஆசை தாங்கல. அன்னைக்கு, வியாழக்கிழமை, இந்த வராந்தாவுல பிள்ளைய மடியில வச்சிட்டு இருந்தேன். எனக்குப் பின்னால ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட, 'ஸாபித் வேண்டாம். அந்தப் பேரு நமக்கு வேண்டாம்'னாரு. நான் திரும்பிகூடப் பாக்கல. நல்ல பேராச்சே, அவரு வேண்டாம்னா நாம வச்சுக்கிடுவோம்னு பிள்ளை காதுல சொல்லிட்டேன். அஞ்சு, அஞ்சேகால் இருக்கும். ஆறு மணிக்கெல்லாம் மூச்சு நின்னுட்டு."

அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஒரு மணி நேரமாச்சும் பேரோட இருந்தான். அந்தப் பேரைத் தந்த மனுசனுக்கு அஞ்சு வேளையும் துஆ செய்யுதேன்."

பிறகு தாஜின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஆமிரின் கன்னத்தைத் தொட்டார்.

"உங்க பிள்ளைக்கு என்ன பேரு தம்பி?"

தாஜ் ஆமிரின் காதைக் கையால் பொத்திக்கொண்டான்.