பழைய பெயரில் வந்த மெயில்

"பேரை மாத்திறது எண்டா போர்டைக் கழட்டிற மாதிரி இல்லைப் பிள்ளை. உள்ளுக்குள்ளை கிடக்கிறதெல்லாம் மாறவேணும். உமக்குச் சரிவருமோ?"

தேவன் அண்ணை இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஊரை விட்டு வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த வோபர்னில் சின்ன அச்சகம் வைத்திருப்பவர். கேட்டது யாரிடம்?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பா அம்மாவின் மகள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சேர்ட்டிபிக்கட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியவள். அதுவும் கொம்பியூட்டர் படிப்பு. என்னிடமா 'சரிவருமோ'?

"ஞாயிற்றுக்கிழமை கடைத் திறப்பைத் தாங்கோ அண்ணை. திங்கள் காலமை எல்லாம் புதுப் பேரிலை ஓடும்" என்று சாவி கேட்டேன்.

கடையின் பெயர் 'சுதன்'. அண்ணையின் தம்பி பெயர். ஊரில் இருக்கும் தம்பியின் பெயரில் இங்கே கடை திறப்பது நம் ஆட்களின் வழக்கம்தானே? ஒருநாள் அவன் வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பான் என்றுதான். சுதன் வன்னியில் இருந்தார். மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாமிலா? அல்லது... அந்த வசனத்தை அண்ணையின் கடையில் யாரும் முடிப்பதில்லை.

இந்தக் கோடை முழுக்க அச்சகத்தில் ஒரே வேலை – நினைவஞ்சலி அட்டைகள். மை காய்வதற்காக மேசை நிறைய முகங்கள். ஒவ்வோர் அட்டையின் அடியிலும், வழக்கம்போல, சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர். அட்டை எடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: "ஆர் சுதன்? நீங்களோ?"

"மறுமொழி சொல்ல ஏலாமக் கிடக்கு" என்றார் அண்ணை. புதுப் பெயர் 'தீபம்'. வாசலில் போர்ட் மாறியது. வெப்சைட், மெயில், இரண்டையும் தாங்குகிற சேர்வர் – அது என் பங்கு.

ஞாயிறு மத்தியானம். பேப்பர் கட்டுகள் அடுக்கிய பின்னறையில், தட்டுகளுக்குக் கீழே அந்த சேர்வர் முனகிக்கொண்டிருந்தது. பழைய பெயரைத் தேடச் சொன்னேன். திரை நிறைந்துவிட்டது. சுதன், சுதன், சுதன்... ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் நின்றது. டொமைன் என்கிற இணைய முகவரிப் பெயரை மாற்றுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஓர் ஆளை அறை அறையாகத் தேடிப்பிடித்து வெளியே அனுப்புவது போலிருந்தது. மேசையிலிருந்த முகங்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். பழைய பெயருக்கோ சொந்தக்காரர் இல்லாமலோ வருகிற மெயில்கள் எல்லாம் அண்ணையின் இன்பொக்ஸுக்கே போகட்டும் என்று வைத்தேன். ஒன்றும் தவறிவிடக் கூடாதே!

திங்கள் காலை அண்ணையின் போன். குரல் மிக மெதுவாக வந்தது.

"பிள்ளை... அவன் எழுதியிருக்கிறான்."

பஸ்ஸில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அண்ணை திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கதிரையில் உட்காரவில்லை. அனுப்பியவர்: சுதன். அனுப்பிய நேரம், இலங்கை நேரம். உள்ளே மூன்றே வசனம்.

"நான் சுகம். எல்லாம் பத்திரமாக இருக்கு. நாளைக்கும் எழுதுவன்."

ஒரு கணம் நானும் நம்பினேன். பிறகுதான் படித்த புத்தி விழித்தது. பின்னறைக்குப் போய்த் தேடினேன். முதன்முதல் அந்த சேர்வரைப் பாகம் பாகமாகப் பூட்டி அமைத்துக் கொடுத்த யாரோ ஒருவர் அதற்கே 'சுதன்' என்று பெயர் வைத்திருக்கிறார். மணிக்கூட்டை ஊர் நேரத்துக்குத் திருப்பியிருக்கிறார். பழுதில்லாமல் ஓடினால் தினமும் தன் பெட்டிக்கு ஒரு மெயில் போடவும் அதைப் பழக்கியிருக்கிறார், பகிடியாக, கடிதம் எழுதுவது மாதிரி. நான் மாற்றியது டொமைனை. மெஷினின் சொந்தப் பெயரைத் தொடவில்லை; புதுப் பெயரில் சொந்தக்காரர் இல்லாத அதன் மெயில் நேரே அண்ணையிடம் போயிருக்கிறது.

சொன்னேன். வேறு என்ன செய்ய?

"அப்ப உது மெஷினோ?"

"ஓம் அண்ணை."

"ஒவ்வொரு நாளும் எழுதினதோ?"

"ஓம். பூட்டினவர் விட்டுட்டுப் போன பெட்டிக்குப் போயிருக்கு. ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை."

அண்ணை அந்தப் பெட்டியைக் காட்டச் சொன்னார். திறந்தேன். ஜனவரி. ஏப்ரல். மே மாதத்தின் அந்த நாட்கள், நாங்கள் எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் பதாகையோடு நின்ற நாட்கள்... ஒருநாளும் தவறவில்லை. நான் சுகம். நான் சுகம். நான் சுகம்.

பின்னறையில் அது முனகிக்கொண்டே இருந்தது.

"நிப்பாட்டும் பிள்ளை" என்றார் அண்ணை. "பொய் வேண்டாம்." நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார்: "பழைய பேர் என்னாகும்?"

மாதம் முடிய அது காலாவதியாகும், விரும்பிய எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். புதுப்பிக்கத் தேவையில்லை என்று சொன்னதே அவர்தான்.

அண்ணை இப்போது கதிரையில் இருந்தார். "கடைசியாக் கதைக்கேக்கை லைன் இரைச்சல். நம்பர் எழுத அவனிட்டைப் பேனை இல்லை. நான் சொன்னன், எங்கை எண்டாலும் ஒரு கொம்பியூட்டர் கிடைச்சா உன்ரை பேரை விலாசமா அடிச்சு எழுதடா, எனக்கு வரும் எண்டு. வேறை ஒரு விலாசமும் அவனுக்குத் தெரியாது."

அவ்வளவுதான். போர்டைக் கழற்றிய மனிதர் அதைச் சொல்லிவிட்டு அட்டை வெட்டப் போய்விட்டார். புதுப்பியும் என்று கேட்கவில்லை. கேட்டால் நம்பிக்கை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காவிட்டால்...?

சுதன் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. என் படிப்பில் அதற்கு விடை இல்லை. ஆனால் ஒரு முகவரியை உயிரோடு வைத்திருக்க எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் நாளைக்கு யாரோ அந்நியன் வந்து உட்கார, அவனிடம் போய் ஒரு தம்பி, "அண்ணை, நான்தான்" என்று எழுதுவதா?

நேற்று அந்தப் பழைய பெயரை, ஒரே தடவையில் எத்தனை வருடத்துக்கு விடுவார்களோ அத்தனை வருடத்துக்கு, புதுப்பித்துவிட்டேன். அண்ணையைக் கேட்கவில்லை.