ஸ்டேக் வாட்டிய ஞாயிற்றுக்கிழமை

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என் குடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வெளியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். கடைப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கும். உடன் வேலை பார்த்த டீச்சர்கள் முதலில் வருத்தப்பட்டார்கள். பிறகு விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். செவிலிமேட்டு வாடகை வீட்டில் டிவியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவேன்.

அந்த டிவியில்தான் ஒருநாள் ஸ்டேக் செய்து காட்டினார்கள். மாட்டுக்கறி, உப்பு, மிளகு, வெண்ணெய். எனக்கு ஆகாதது எதுவுமே இல்லை. ஞாயிறன்று தடிமனாக ஒரு துண்டு வாங்கிவந்து தோசைக்கல்லில் போட்டேன். வீடெல்லாம் புகை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மருமகள் செல்வி நின்றாள். கறி வாசனையை வீட்டுக்காரரிடம் சொல்லி வீட்டைக் காலி செய்ய வைப்பார்களோ என்று பயந்தேன்.

"மாட்டுக்கறியாக்கா?" என்றாள் மெதுவாக.

"ஆமா. ஜன்னல சாத்திடறேம்மா."

"அய்ய, அதுக்கு வரலக்கா. எங்கம்மா வூட்ல ஞாயித்துக்கெழமன்னா இதான். இங்க பேரக்கூட சொல்லக் கூடாது. எனக்கு ஒரு துண்டு குடுக்கா."

உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். கறி ஓரம் கருகி, நடுவில் ரப்பர் மாதிரி இருந்தது.

"இன்னாக்கா, பல்லு போயிடும் போலகீது" என்று சிரித்தாள். பிறகு இருவரும் மென்றோம். அவள் கண் கலங்கியிருந்தது.

வாசனை போக ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு போனவள், மறுபடி வரவேயில்லை.

சாப்பாட்டில் தனியாகிப் போனது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னையாவது டாக்டர்தான் தடுத்திருந்தார்.