வெட்டுத்துணி அறையில் நாலு குழந்தைகள்

அந்தத் தையல் கம்பெனியில் மூன்றாவது வரிசையின் மேற்பார்வையாளரை எல்லோரும் ‘விசில் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். குரல் அப்படி. கல்யாணம், குழந்தை என்று எதுவும் இல்லாமல் மெஷின்களோடேயே காலம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் அவள் வரிசை பொக்கைவாய் மாதிரி ஆகிவிட்டது. பிரசவத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை. புதிதாக வந்தவர்கள் கை பழகுவதற்குள் நின்றுவிட்டார்கள். இருப்பவர்களை வைத்து ஒப்பேற்றுவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளியது. கடைசியில் காலர் தைப்பவளும் வந்து நின்றாள்.

“நாளையிலருந்து வரலைக்கா.”

“நீயும் போயிட்டா நான் என்னடி பண்றது?”

“பாப்பாவைப் பார்த்துக்கிட்டவங்க வீடு மாறிட்டாங்க. நேத்து உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்தேன். போய்ப் பார்த்தா அழுது அழுது குரலே போயிருச்சு. இன்னைக்குத் தங்கச்சி லீவு போட்டிருக்கா. நாளைக்கு யாரு?”

விசில் அக்கா நேரே மேனேஜரிடம் போனாள். வெட்டுத்துணிக் கழிவு போடும் அறையை ஒழித்துக் கொடுத்தால் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள் என்றாள்.

“இது கம்பெனியா, தொட்டில் கட்டுற இடமா?”

“ஆளில்லாம கம்பெனி எப்படி சார் நடக்கும்?”

“சரி, அறை தர்றேன்னே வச்சுக்க. யாரு பார்த்துப்பா? அதுக்குத் தனியா ஆள் போட முதலாளி ஒத்துக்க மாட்டாரு.”

கெஞ்சிப் பார்த்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டார். கதவு வரை போனவள் திரும்பினாள்.

“நான் பார்த்துக்கறேன்.”

“நீயா? குழந்தையைத் தூக்கியாவது இருக்கியா?”

“இல்ல சார்.”

“அப்ப வரிசை?”

“காலர் தைக்கிறவகிட்டயே குடுங்க. அவ போனா வரிசையே இருக்காது. அப்புறம் நான் யாரை மேய்க்கிறது?”

“பின்னால வந்து பழைய வேலை குடுன்னு கேக்கக் கூடாது.”

தலையாட்டினாள். அன்றைக்கே அந்த அறையிலிருந்த மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டாள்.

முதல் நாள் நாலு குழந்தைகள். ஒன்று ஆரம்பித்ததும் மற்றவையும் சேர்ந்துகொண்டன. அவள் அதட்ட, வீறிட்டு அழுதன. ஒன்று தோளிலேயே பாலைக் கக்கியது. பஞ்சுத்தூசி பறக்கும் அறையில், எதைத் தூக்குவது, எதை விடுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். சத்தம் கேட்டுக் காலர் தைப்பவள் ஓடிவந்தாள்.

“போடி, வரிசையைப் பாரு. நானே சமாளிச்சுக்கறேன்.”

அவளால் சமாளிக்க முடியவில்லை. சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாடுபட்டு வாங்கிய வேலையை இப்படித் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று விம்மினாள்.

ஆனாலும் மறுநாள் மற்றவர்களுக்கு முன்னால் வந்து அறையைக் கழுவிவிட்டாள். சில வாரங்களில் பழைய ஆட்கள் இரண்டு பேர் இடுப்பில் பிள்ளையோடு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த அறைக்கு மேனேஜரிடம் மின்விசிறி கேட்டு அவள் நடையாய் நடக்கிறாள், இன்னும் வந்தபாடில்லை.